சாட்டுப் போட்ட ஊரில் துளை போடக் கூடாது

மதிவதனி வீட்டு முன்னறையில் பாதி இடம் கிரைண்டருக்குப் போயிருந்தது. ஓட்டல்களில் இருப்பதுபோலச் சாய்த்து மாவை வழிக்கிற பெரிய கிரைண்டர். வீட்டுக்குக் கொடுத்த கரண்டில் அது ஓடியது. மாவு ஆட்டி விற்கிறவர்கள் கடைக் கரண்டு வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவருக்கும் தெரியும். தெருமுனையில் அவர் பைக் சத்தம் கேட்டதும் அவள் கிரைண்டரை நிறுத்தி மேலே ஒரு போர்வையைப் போடுவாள். அவர் போர்வையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு போவார். ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

அப்போதுதான் புது மீட்டர் வந்தது. பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டுவார்களாம். ஆள் வந்து பார்க்க வேண்டியதில்லையாம். எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரே ஆபீசுக்குச் சொல்லிவிடுமாம். இதை மதிவதனி பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மளிகைக்கடையில் நின்றபோது கேள்விப்பட்டாள். உளுந்து வாங்கப் போனவள் உளுந்தை மறந்துவிட்டுக் காலனிக்குத் திரும்பினாள். போர்வை போட்டால் மீட்டருக்குத் தெரியாமல் போகாது.

காலனிக்காரர்கள் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். தமிழ்வேந்தன் முதலில் பேசினான். "இது மின்சாரப் பிரச்சனை இல்லீங்க, நம்ம உரிமைப் பிரச்சனை" என்றான். அவன் வீட்டுக் கொல்லையில் ஒரு வெல்டிங் மிஷின் வீட்டுக் கரண்டில் ஓடியது. இலவச யூனிட்டுக்காக ஒரே வீட்டுக்குள் மூன்று இணைப்பு வாங்கி வைத்திருந்த ஒருவர், ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்றார். செல்போனுக்குப் போடுவதுபோல முன்பணம் போட்டால்தான் விளக்கு எரியும் என்றார் இன்னொருவர். வீட்டுக்குள் பேசுவதையெல்லாம் அந்த மீட்டர் ஒட்டுக் கேட்கும் என்றாள் ஒரு பெண்.

"நீ பேசறது மெயின் ரோட்டுக்கே கேக்குது. மீட்டரு வேற எதுக்குங்க அக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பூசாரி சின்னான் மட்டும் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். அவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மதிவதனியின் கணவனுக்குத் தாய்மாமன். "ஊட்டுச் செவுத்துல ஒரு சாமானத்த மாட்டறதுக்கு முன்னாடி ஊட்டுக்காரங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களா?" என்றார். அதைக் காதில் வாங்காமல் அடுத்த ஆள் பேசப் போனார்.

மதிவதனி தன் கிரைண்டரைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் கைதட்டலில் அவள் சத்தம்தான் அதிகம்.

மீட்டர் மாட்டும் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த கம்பெனி, மேட்டுப்பாளையத்திலிருந்து முஜீப் என்ற இளைஞனை அனுப்பியது. முதுகில் ஒரு பை, கையில் டிரில் மிஷின். காலனிப் பெண்கள் தெருவாசலில் வரிசையாக நின்று மறித்தார்கள். ஆனால் கொங்கு நாட்டில் வந்தவரை 'போ' என்று சொல்லும் பழக்கம் இல்லை. "கோவிச்சுக்காதீங்க தம்பி, போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் மறுநாள் வந்தான். மறுநாளும் அப்படியே அனுப்பினார்கள். அதற்கடுத்த நாளும் வந்தான்.

நான்காவது முறை அவனே சொன்னான். "அக்கா, எம்மேல வருத்தப்படாதீங்க. திங்கக்கெழமை போலீஸோட வரச் சொல்லியிருக்காங்க."

அன்று மாலை மதிவதனி சின்னானைப் பார்க்கப் போனாள். அவர் கோயில் வாசலில் உட்கார்ந்து விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சாட்டுப் போட்டுட்டா செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதில்லீங்களா?"

"கூடாது."

"தொளை போட?"

"அதுந்தான் கூடாது. உனக்குத் தெரியாததா?"

தெரியும். அம்மன் திருவிழாவான நோம்பிக்கு நாள் குறித்து, தப்பட்டை அடித்து, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால் ஊர் அம்மனுக்குக் கட்டுப்பட்டது. அதற்குப் பெயர் சாட்டு. நோம்பி முடிந்து கம்பத்தைப் பிடுங்கும்வரை யாரும் வெளியூரில் தங்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. மரம் வெட்டக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது. போன வருஷம் ஒரு வீட்டில் பாதிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்த நிலையில் சாட்டு விழுந்து, மீதிச் சுவர் நோம்பி முடியும்வரை அப்படியே நின்றது.

"இந்த வருசம் முன்னாடியே போட்டுருலாமுங்களா?"

சின்னான் திரியைக் கீழே வைத்தார். "நோம்பி வைகாசியில அம்மிணி. இப்ப மாசியே பொறக்கலை."

"திங்கக்கெழமை போலீசு வருதுங்க மாமா."

அவர் கர்ப்பக்கிரகத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஆத்தாளக் கேக்கோணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூவாக்கு கேட்டார்கள். அம்மன் வலது தோளில் ஒரு செவ்வந்திப் பூவை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பூ விழுந்தால் சம்மதம். காலனியே திரண்டிருந்ததால் புழுக்கம் தாங்கவில்லை, யாரோ பெரிய மின்விசிறியைக் கர்ப்பக்கிரகத்துப் பக்கம் திருப்பி வைத்தார்கள். பூ உடனே விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பொழுதோடு கம்பம் நட்டு, தப்பட்டை அடித்தாகிவிட்டது.

திங்கட்கிழமை முஜீப் இரண்டு போலீஸ்காரர்களுடன் வந்தான். கோயில் முன்னால் மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய கம்பத்தைப் பார்த்ததும் போலீஸ்காரர்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றினார். அவர் அந்தியூர்ப் பக்கத்துக்காரர், அங்கேயும் சாட்டு உண்டு.

"சாட்டுப் போட்டாச்சுங்களா?" என்று சின்னானைக் கேட்டார்.

"நேத்துப் பொழுதோட போட்டாச்சுங்க."

"அப்பறம் எப்படித் தம்பி?" என்று அவர் முஜீப் பக்கம் திரும்பினார்.

முஜீப் தலையைச் சொறிந்தான். "எனக்குப் புரியுதுங்க. எங்கள்லயும் நோம்பு காலத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்குதுங்க. ஆனா ஒரு சந்தேகம். ஆணி அடிக்கக் கூடாது, உளி வெக்கக் கூடாதுன்னுதானுங்க சொல்லுவாங்க? இது டிரில் மிஷினு. நான் கையில எதும் அடிக்கலியே. சுச்சி போட்டா அதுவாத் தொளைக்குது."

கூட்டம் சின்னானைப் பார்த்தது. அவர் மில்லில் முப்பது வருஷம் மிஷின்களோடு பேசிப் பழகியவர். தயங்கவே இல்லை.

"தம்பி, ஆத்தாளுக்குக் கையின்னும் மிஷினுன்னும் ரெண்டு கெடையாது. கையில செய்யக் கூடாதுன்னா மிஷின்லயும் செய்யக் கூடாது. சத்தம் ஒண்ணுதானே? அதிர்றது ஒண்ணுதானே?"

எல்லோரும் கைதட்டினார்கள். மதிவதனியும் கையைத் தட்டினாள். கைதட்டல் ஓய்ந்ததும் அவள் வீட்டுக்குள்ளிருந்து கிரைண்டர் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. உளுந்து போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சாட்டுக் காலத்தில் ஆட்டுக்கல் ஆட்டக் கூடாது, உரல் இடிக்கக் கூடாது. அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். கிரைண்டர் வந்த பிறகு, கையால் ஆட்டுவதுதானே கூடாது, மிஷின் அதுவாக ஓடுகிறது என்று காலனி முடிவு செய்திருந்தது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததில்லை. எல்லோருக்கும் தோசை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சின்னானே ஒவ்வொரு நோம்பிக்கும் அவளிடம் மாவு வாங்கியிருக்கிறார்.

முஜீப் சத்தம் வந்த திசையைப் பார்த்தான், பிறகு மரியாதையாகத் தரையைப் பார்த்தான்.

"மதி" என்றார் சின்னான்.

அவள் உள்ளே போய் நிறுத்தினாள். உளுந்து பாதி ஆடியிருந்தது.

இப்படியாக மீட்டர் வரவில்லை, கிரைண்டரும் ஓடவில்லை.

இரண்டே நாளில் இதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. அவள் மாவில் பெரும்பகுதி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பங்காரம்மா நடத்திய மெஸ்ஸுக்குப் போனது. பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் காலையில் இட்லி தின்னும் இடம். பங்காரம்மா பாக்கெட் மாவு வாங்கிச் சமாளித்தாள். மதிவதனி ஊறிய அரிசியை வாளியில் எடுத்துக்கொண்டு அங்கேயே போனாள்.

"அம்மா, உங்க கிரைண்டர்ல ஆட்டிக் குடுத்தர்றேனுங்க. சாட்டு முடியற வரைக்கும்."

பங்காரம்மா சாம்பார் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். "என்ற அரிசி, என்ற கரண்டு, என்ற கிரைண்டரு. அப்பறம் நீ எதுக்கம்மிணி?"

"அரிசி என்றதுங்க."

"செரி, அரிசி உன்றது. வேணுமுன்னா வேலைக்கு வா. பாத்திரம் கழுவறதுக்கும் ஆளில்லை."

மதிவதனி வாளியைத் தூக்கினாள்.

"கோவிச்சுக்காத கண்ணு. வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன். பாக்கெட்டுக்காரன் வருசத்துக்குப் பேசலாமுன்னு தொங்கறான். அவனோட பேசிட்டா பேசுனதுதான். பொறவு எங்கிட்ட வந்து அழுகாத."

வீட்டில் அவள் கணவன் அன்புமணி தாளிக்காத ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு பவுண்டரியில் இரவு ஷிப்ட். சாட்டுப் போட்டால் ராத்திரி வெளியே தங்கக் கூடாதே என்று அவன் சின்னானிடம் ஆசையோடு கேட்டுப் பார்த்திருந்தான். தூங்கினால்தான் தங்கல், முழித்து வேலை செய்கிறவனுக்குத் தோஷமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அன்புமணி ஷிப்டில் தூங்குவது ஊருக்கே தெரியும். அதை அவனால் சொல்லவும் முடியவில்லை.

"சாட்டுப் போடலாமுன்னு ரோசன சொன்னது யாரு?" என்று கேட்டான்.

"திங்கறதப் பாரு."

"திங்கறதுக்கு என்ன இருக்குது? சுடுதண்ணியில புளியக் கரைச்சு வெச்சிருக்கற."

அவள் எழுந்து சின்னான் வீட்டுக்குப் போனாள்.

"மாமா, நோம்பிய இந்த வாரத்துலயே முடிச்சுருங்க. கம்பத்தப் புடுங்கிறலாமுங்க."

"புடுங்குனா மறுநாளே மீட்டரு வருமே."

"வந்தா வரட்டுமுங்க."

சின்னானுக்கு அவள் சொல்வது விளங்கவில்லை. அவருக்கு விளங்கும்படி சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அவர் காலனியைக் கூட்டினார். தமிழ்வேந்தன் எழுந்து, கம்பெனி பணிகிறவரை கம்பத்தில் கைவைக்கக் கூடாது என்றான். அவன் வெல்டிங் மிஷினும் நின்றுதான் கிடந்தது. ஆனால் அவன் மாமனாருக்குக் காரமடையில் பட்டறை இருந்தது, பகலில் அங்கே போய் வேலையை முடித்துக்கொண்டு பொழுதோடு திரும்பிவிடுவான். மூன்று இணைப்புக்காரர் வைகாசிவரைகூடத் தாங்கலாம் என்றார். அவர் வீட்டில் எல்லோருக்கும் கொழுப்பு, டாக்டர் ஏற்கெனவே எண்ணெய் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

"கை தூக்குங்க" என்றான் தமிழ்வேந்தன். ஒருத்தியைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். சாட்டை ஆரம்பித்து வைத்தவளே தூக்கவில்லை என்பதை ஒருத்தி கவனித்து மற்றவளின் இடுப்பில் குத்தினாள்.

முஜீப் தினமும் காலையில் வந்தான். கம்பம் நிற்கிறதா என்று பார்ப்பான், யார் வீட்டிலாவது காபி குடிப்பான், கம்பத்தைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டுப் போவான். காலனிக்கு அவனைப் பிடித்துவிட்டது. புதன்கிழமை அவன் வரத் தாமதமானபோது இரண்டு பேர் போன் செய்து விசாரித்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் மதிவதனி குளித்து, நெற்றியில் மஞ்சள் வைத்து, கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டாள். அவளுக்கு அம்மன் மேல் பயம் உண்டு. சின்ன வயதில் அம்மை கண்ட தழும்பு இன்னும் கன்னத்தில் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் என்று கெடு வைத்திருந்தது பங்காரம்மா, அம்மன் இல்லை. வீட்டுக்கு வந்து, ஊறிய உளுந்தைக் கிரைண்டரில் கொட்டி, சுவிட்சைப் போட்டாள்.

காலனியில் வேறு சத்தமே இல்லாத நேரம். முதல் ஆள் வாசலுக்கு வந்தபோது உளுந்து நுரைக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. பின்னாலேயே பத்துப் பேர். கடைசியில் சின்னான், மூச்சிரைக்க.

"மதி! என்ன காரியம் பண்ணற?"

"மாவு ஆட்டறேனுங்க மாமா."

"தெய்வக் குத்தமாயிரும்!"

"குத்தம் என்றதுங்க. எங்கூட்டுக்குள்ளதான் ஓடுது. நான் மஞ்சத்தண்ணி ஊத்திக்கறேன், நாப்பது நாளைக்கு வெளக்குப் போடறேன். மத்தவங்களுக்கு ஒண்ணுமில்லீங்க."

சின்னான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "சாட்டுங்கறது ஊருக்கு ஒண்ணு, அம்மிணி. கரண்டு சர்வீசு மாதிரி ஊட்டுக்கு ஊடு தனி நம்பரு கெடையாது. ஓரெடத்துல அறுந்தா அறுந்ததுதான்."

"அறுந்துருச்சுங்களா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

சின்னான் பதில் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கடுகு வெடிக்கும் வாசனை வந்தது. பிறகு வெங்காயம். தமிழ்வேந்தன் தெருவில் நின்று, சுயநலத்துக்காக ஊரைக் காட்டிக்கொடுத்தவள் என்று மதிவதனியை ஏசினான். ஏசிக்கொண்டிருக்கும்போதே அவன் வீட்டில் கருவாடு வறுபட்டது. மதியத்துக்குள் காலனியில் எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு சின்னான் வீடு ஒன்றுதான். எல்லா வீட்டிலும் அவளைத் திட்டிக்கொண்டேதான் தாளித்தார்கள்.

பொழுதோடு சின்னான் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். தப்பட்டை அடிக்க யாரையும் கூப்பிடவில்லை.

மதிவதனி அன்றிரவு தூங்கவில்லை. இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். மீட்டர் மாட்டினால் ஆபீசுக்குத் தெரியும், கடைக் கரண்டு வாங்கச் சொல்வார்கள், கையில் நிற்பது குறையும். மாட்டாமல் இருக்க வேண்டுமானால் கிரைண்டரை நிறுத்திவைக்க வேண்டும். இதற்கா இத்தனை நாள் கைதட்டினோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பங்காரம்மாவின் மெஸ்ஸுக்கு மாவு போய்விட்டது. பங்காரம்மா மூடியைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்து, "நாளைக்கும் இதே மாதிரி நேரத்துக்குக் கொண்டா" என்றாள். வேறு பேச்சு இல்லை. மதிவதனி திரும்பி வந்து அடுத்த நாளுக்கு உளுந்தைப் போட்ட நேரத்தில் முஜீப் வந்து சேர்ந்தான். போலீஸ் இல்லை. கம்பம் இருந்த குழியைப் பார்த்துவிட்டு நேராக அவள் வாசலுக்கு வந்தான். தெருவில் முதல் வீடு அவளுடையது.

"அக்கா, மாட்டிறலாமுங்களா?"

"மாட்டுங்க தம்பி."

"கரண்ட நிறுத்தோணுமுங்க."

"உளுந்து ஓடுது. பாதியில நிறுத்துனா ஒண்ணுத்துக்கும் ஆகாது. இந்த ஈடு முடியட்டுங்க. உக்காருங்க."

அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வாசலில் போட்டாள். முஜீப் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் உள்ளே போய் உளுந்துக்குத் தண்ணீர் தெளித்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைத் தெரு பார்த்தது. டிரில் மிஷின் மடியில் சும்மா கிடப்பதையும் பார்த்தது. பத்து நிமிஷத்தில் செய்தி காலனி முழுக்கப் பரவியது. மதிவதனி மீட்டர்காரனைச் சிறைபிடித்து வைத்திருக்கிறாள்.

முந்தின நாள் அவளைத் திட்டிய பெண்கள் வந்து வாசலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். தமிழ்வேந்தன் செல்போனில் வீடியோ எடுத்தபடி, "நம்ம அக்கா தனியாளா நின்னு தடுத்து வெச்சிருக்காங்க பாருங்க" என்று சொன்னான். யாரோ "வேண்டாம் வேண்டாம், புது மீட்டர் வேண்டாம்" என்று ஆரம்பிக்க, மற்றவர்கள் கூடச் சேர்ந்தார்கள். ஒரு பெண் முஜீப்பிடம் குனிந்து, "தண்ணி வேணுமுங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு மறுபடி கோஷத்தில் சேர்ந்துகொண்டாள்.

"நான் சும்மாதானுங்க உக்காந்திருக்கறேன்" என்றான் முஜீப். யாருக்கும் கேட்கவில்லை.

உள்ளே மதிவதனி உளுந்தை விரலில் எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். மிதந்தது. சுவிட்சை நிறுத்தி, கிரைண்டரைச் சாய்த்து மாவை வழித்தாள், கல்லைக் கழுவினாள், அரிசி வாளியை அருகில் நகர்த்தி வைத்தாள். பிறகு மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

கோஷம் உச்சத்துக்குப் போனது. தமிழ்வேந்தன் செல்போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"ஆச்சுங்க தம்பி" என்று அவள் முஜீப்பிடம் சொன்னாள். "உள்ள வாங்க. மீட்டரு கதவுக்குப் பின்னால இருக்குது."

கோஷம் ஒவ்வொரு வாயாக நின்றது. வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன சொல்றீங்க?" என்றான் தமிழ்வேந்தன்.

"மாட்டச் சொல்றேன். எனக்குக் கிரைண்டரு ஓடோணும். வீட்டுக் கரண்டுல ஓட்டிட்டு இருந்தேன். திங்கக்கெழமை போயிக் கடைக் கரண்டுக்கு எழுதிக் குடுக்கறேன். உனக்கு வேண்டாமுன்னா உன்ற வாசல்ல நின்னு தடு. நான் குறுக்க வரமாட்டேன். ஆனா உன்ற மிஷினயும் சொல்லித் தடு."

சின்னான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மட்டும் முன்னால் வந்து முஜீப்பிடம், "தம்பி, நீங்க ஊட்டுக்காரங்களக் கேட்டுட்டுத்தானே உள்ள போறீங்க?" என்றார்.

"கேட்டுட்டேனுங்க."

"செரி, அப்பப் போங்க."

முஜீப் உள்ளே போனான். டிரில் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. சிமெண்டுத் தூள் தரையில் கொட்டியது. மதிவதனி மாவுப் பாத்திரத்தின் மேல் தட்டைக் கவிழ்த்துத் தூள் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்ததும் புது மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது.

"கரண்டு வந்துருச்சுங்க அக்கா" என்றான் முஜீப். தயங்கி, குரலைத் தாழ்த்தினான். "நீங்க கிரைண்டரப் போட்டா ஒடனே அங்க தெரிஞ்சுருமுங்க. திங்கக்கெழமை வரைக்கும் போடாம இருந்தீங்கன்னா..."

"அரிசி ஊறிக் கெடக்குது தம்பி" என்று சொல்லிவிட்டு அவள் சுவிட்சைப் போட்டாள்.